வித்வான் வாசித்த கல்யாணம்

எங்கள் தெருவில் பாட்டுக் கேட்பவர்கள் சும்மா கேட்க மாட்டார்கள். கிராமபோன் பிளேட்டின் ஒரு பக்கம் ஓடி முடிய, வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் போதும். அதைப் பற்றிய பேச்சு விளக்கு வைக்கிற வரைக்கும் ஓடும்.

அருப்புக்கோட்டையில் நாங்கள் இருந்தது நெசவாளர் தெரு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். தெருமுனையில் நூல்கடை வைத்திருந்த ராவுத்தரிடம்தான் கிராமபோன் பெட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் சாப்பிட்டு எழுந்ததும், தறியை அப்படியப்படியே போட்டுவிட்டு பாட்டுப் பைத்தியங்கள் எல்லாம் நூல் மூட்டை அடுக்கிய அவருடைய கிட்டங்கியில் கூடிவிடும். பெட்டி அவருடையது. பிளேட்டை அவரவர் கொண்டுவர வேண்டும். துண்டில் சுற்றி, பச்சைப்பிள்ளையைத் தூக்கி வருவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். பிளேட்டு கொண்டுவந்தவர், அது ஓடும் முன்னால் தன்னுடைய வித்வானின் பெருமையைச் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கொண்டுவராதவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

என் அத்தையைக் கட்டிய மாமாவுக்கு அந்தச் சபையில் தனி மவுசு. மதுரைப் பக்கத்துக்காரர். நாடக மேடையில் பாடும் ஒரு அம்மாளின் பிளேட்டுகள் அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன.

“மேல போயி ஒரு நிலை நிப்பாக பாருங்க, மேடையில தொங்குன விளக்கே ஆடிப்போச்சு” என்பார். அந்த விளக்கு வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டே போனது.

என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்குப் பிளேட்டு வாங்க வக்கில்லை. ஒற்றைத் தறி, அதிலும் பாதி நாள் நூல் கிடைக்காது. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்து நாதஸ்வர வித்வான் ஒருவர் மேல் அவருக்கு உயிர். பிளேட்டு இல்லாத அவரை அந்தச் சபையில் உட்காரவைத்தவை இரண்டு. ஒன்று முள். அது உலகச் சண்டைக் காலம்; பெட்டியில் மாட்டுகிற ஊசி எங்கேயும் கிடைக்கவில்லை. எங்கள் சீமையில் தண்ணீருக்குத்தான் பஞ்சமே தவிர முள்ளுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. பந்தல்குடிச் சாலையோரத்து உடைமரத்தில் நல்ல முள்ளாகப் பார்த்து ஒடித்து, காயவைத்து, கண்ணாடிச் சில்லில் தீட்டிக் கொண்டுபோவார். முள்ளில் ஓடினால் குரல் கொஞ்சம் இளைத்துக் கேட்கும், ஆனாலும் கேட்கும்.

இன்னொன்று, அவருடைய கல்யாணக் கதை.

“எங்க கல்யாணத்துக்கு அவுகதான் வாசிச்சாக” என்று தொடங்குவார். அம்மாவின் ஊர் பரளச்சி. கல்யாணம் நடந்ததும் அங்கேதான். வித்வான் ஏதோ கச்சேரிக்குப் போகிற வழியில் அவருடைய வண்டியின் அச்சு முறிந்து ஊருக்கு வெளியே நின்றுவிட்டது. கல்யாண வீடு என்று கேள்விப்பட்டு, கைகால் கழுவிக்கொண்டு, கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து வாசித்தார். முதல் நாள் இரவு தோடி. ஊரில் ஒருவரும் தூங்கவில்லை. மறுநாள் தாலி ஏறுகிற நேரத்தில் கெட்டிமேளம் மூன்று ஊருக்குக் கேட்டதாம். மாமாவின் டிரங்குப் பெட்டியால் இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அவர் அத்தையைக் கட்டியது அதற்கு ரொம்பப் பிந்தி என்பதால், மறுத்துப் பேசவும் வழியில்லை.

கிட்டங்கிக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான். பெண்கள் அந்தச் சபைக்குப் போகிற வழக்கம் கிடையாது. அம்மா சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். எப்பேர்ப்பட்ட பிளேட்டு ஓடினாலும் அந்த ராட்டை நிற்காது. நைனா கல்யாணக் கதையைத் தொடங்கினால் நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் நூல் அறுகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் அப்போது எட்டு, ஒன்பது வயதுச் சிறுமி. பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைச் சொல்லாத நாளில்லை. எங்கள் அம்மாவைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

அந்த வருஷம் திருச்சுழித் திருவிழாவுக்கு அதே வித்வான் வருவதாகச் செய்தி வந்தது. தெரு கிறுகிறுத்துப் போயிற்று. நைனா மட்டும் தறியில் சேலை பாதியில் நிற்கிறது என்றார். பாவு போடவேண்டும் என்றார். இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார்.

“உங்க கல்யாணத்துக்கு வந்த மனுசன். நீங்க போயிக் கும்பிடாட்டி எப்படி மச்சான்?” என்றார் மாமா. நானும் கையைப் பிடித்து இழுத்தேன். கடைசியில் ராவுத்தர் தன் வண்டியைக் கட்டச் சொன்னார். பெண்களும் பிள்ளைகளும் வண்டியில். ஆண்கள் கூடவே நடந்தார்கள்.

சாயங்காலம், வாசிப்பதற்கு முன்னால், வித்வான் சத்திரத்தில் இருந்தார். நாதஸ்வரத்துக்குப் போடும் சீவாளிகளை ஒரு தட்டில் பரப்பி ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா கும்பிட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மாமா அவர் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

“ஐயா, இவுக கல்யாணத்துக்கு நீங்கதான் வாசிச்சீகளாம். பரளச்சியில.”

“பரளச்சியா?” வித்வான் பக்கத்திலிருந்த ஒத்து ஊதுகிறவரைப் பார்த்தார். “அது எந்தப் பக்கம்?” அவர் கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். பிறகு நைனாவிடம், “நான் இந்தச் சீமைக்கு வர்றதே இதுதான் முதல் தடவை” என்றார்.

பெரிய வித்வானுக்கு மறந்துவிட்டது, எடுத்துக்கொடுத்தால் நினைவு வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. முன்னால் போனேன்.

“வண்டி அச்சு முறிஞ்சுபோச்சுல்ல? நீங்க ராத்திரி தோடி வாசிச்சீகள்ல? எங்கம்மாவும் கேட்டிருக்காக. வெளியதான் நிக்கிறாக, கூட்டிட்டு வரட்டுமா?”

பின்னால் யாரோ குபீரென்று சிரித்தார்கள். வித்வான் சிரிக்கவில்லை. நைனாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். சீவாளியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, “எத்தனையோ கல்யாணம். எல்லாம் ஞாபகத்துலயா இருக்கு? வாசிச்சிருக்கலாம்” என்றார். அவர் இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்பது எனக்கே புரிந்துவிட்டது. அந்த இரக்கம்தான் என்னைக் கொன்றது. நைனாவின் காதுமடல் சிவந்திருந்தது. நான் அவர் பக்கத்தில் நிற்கவில்லை. தள்ளிப் போய், ராவுத்தர் வீட்டுப் பிள்ளை போல அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அன்றைக்கு வித்வான் என்ன வாசித்தார் என்று எனக்குத் தெரியாது. காதில் ஒன்றும் ஏறவில்லை.

மறுநாள் திரும்பும்போது, மாமா வண்டிக்குப் பின்னால் நடந்தபடி ஆரம்பித்தார். “மச்சான் கல்யாணத்துக்கு வாசிக்காத ஆளு இன்னும் யாரும் பாக்கி இருக்காகளா?” எல்லோரும் சிரித்தார்கள். நைனா வழியைப் பார்த்து நடந்தார்.

அம்மா ஆண்கள் இருக்கும் இடத்தில் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தவள் மாமாவை நேராகப் பார்த்தாள்.

“ராத்திரிதான் தோடிண்ணே. காலையில, தாலிக்கு முன்னால, கல்யாணி. புள்ளைக்குப் பாதிதான் தெரியும்.”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்தங்கினார். “மாட்ட ஓட்டுப்பா” என்று ராவுத்தர் வண்டிக்காரனை அதட்டினார். நான் வைக்கோல் சாக்குக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். போகும்போது எனக்குப் பொய் சொல்கிறவர் யாரும் இல்லை; திரும்பும்போது அப்பா, அம்மா இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள். வேறு யார் வீட்டிலாவது பிறந்திருக்கக் கூடாதா என்று அழுதேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்குத் ‘தோடி’ என்று பெயர் வைத்தார்கள். தோடி வருது, தோடி சோறு திங்குது. நான் வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். எனக்கும் அந்தப் பொய் சுலபமாக வந்ததுதான் பெரிய அவமானம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நைனா தறிக்குழியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா முள் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“தீட்டி வச்சிருக்கேன். போயிட்டு வாங்க.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக?”

“இந்த மூஞ்சியத்தான்.”

நைனா போனார். அம்மா கொல்லையில் ராட்டையோடு உட்கார்ந்தாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ராவுத்தரின் குரல் கேட்டது.

“தம்பி, இன்னிக்கு மொதல்ல நீங்க சொல்லுங்க. பிளேட்டு பெறகு ஓடட்டும்.”

“எதச் சொல்லண்ணே?” நைனாவின் குரல் எழும்பவில்லை.

“வேற எத? கல்யாணத்ததான்.”

முள் டப்பாவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு நைனா மெதுவாக, “வண்டி அச்சு முறிஞ்சு ஊருக்கு வெளிய நின்னுபோச்சா…” என்று தொடங்கினார். மறுபடியுமா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு காதிலும் விரலைத் திணித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அம்மாவின் ராட்டை நின்றிருந்தது. எங்கே அறுந்தது என்று பார்த்தேன். நூல் அறுந்திருக்கவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கிருந்த வெட்கத்தில் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

எனக்குக் கல்யாணம் பேசினபோது, மாப்பிள்ளை வீட்டார் மேளத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எதற்கும் அடம்பிடிக்காத அம்மா அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தவிலே இரண்டு வேண்டும் என்று நின்றாள். ஏன் இப்படிப் பிடிவாதம் என்று அவளைத் தனியாகக் கேட்டேன்.

அவளுடைய அப்பா பேதியில் செத்து, வருஷம் திரும்புவதற்குள் அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்ததாம். துக்க வீட்டில் மேளம் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நைனா வீட்டில் நாலு பேர், பிறந்த வீட்டில் நாலு பேர், பரளச்சிக்கு நூல் கொண்டுவந்த இடத்தில் கேள்விப்பட்டு வந்து நின்ற ராவுத்தர். அவ்வளவுதான் கல்யாணம்.

“தாலி கட்டயில எல்லாரும் சும்மா நின்னாக. யாரோ இருமினாக. என் காதுல விழுந்தது அது ஒண்ணுதான்” என்றாள் அம்மா.

அந்த வெள்ளிக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் நைனா தன் கதையால் அவள் கல்யாணத்துக்கு மேளம் கொட்டியபோது, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.