பெயர் மாறாத படகு

பித்தளைத் தகட்டில் கம்பெனிப் பெயர் மின்னினால் போதும், சாமானையே நம்பிவிடும் மடையன் நான். வில்கமுவப் பக்கத்துக் குளத்துக்கு எங்கள் நீர்ப்பாசன அலுவலகம் வாங்கிய புது வேகப்படகைக் கண்டதும், அதை நானே செய்ததுபோல் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அண்ணன் முறையில் நாங்கள் நானா என்றழைக்கும் படகோட்டி, நரைத்த தாடியும் மடித்துக் கட்டிய சாரனுமாக நின்றார். பலகையை விரலால் தட்டிக் கேட்காமல் எந்தப் படகையும் அவர் தண்ணீரில் இறக்கமாட்டார். எங்கள் பழைய படகு கணீரென்றது. அதே பெயர் பொறித்த புதியது அட்டைப்பெட்டி போல் சத்தமிட்டது.

"கம்பெனி கைமாறிடிச்சு தம்பி. வாங்கினவன் பேரை மட்டும் வச்சுக்கிட்டு பலகையை மெல்லிசாக்கிட்டான். செம்பு ஆணி இருந்த எடத்துல துருப்பிடிக்கிற இரும்பு. இதுல நான் ஆளேத்தமாட்டேன்."

"நாளைக்குத் துரை இதுலதான் போகணுமாம் நானா! மாட்டேன்னா வேலை போயிடும்."

"போகட்டும்" என்று சாவியை என் சட்டைப்பையில் போட்டார்.

சுதந்திரம் வந்து பல வருடமாகியும் எங்கள் இன்ஜினியரைத் துரை என்றுதான் அழைத்தோம். அவர் இருமினாலே நான் எழுந்து நின்றுவிடுவேன்.

"அவர்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல?" என்று கெஞ்சினேன்.

"நீந்தத் தெரியுமானு கேளுங்க."