மேகத்தில் ஓர் ஓட்டை

நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டில் எங்கள் வீட்டினர் பறவைகளின் பொருட்டே பல் விளக்கினார்கள். அப்போது புதிதாக வந்திருந்த ஒரு பல்பொடிப் பொட்டலத்துக்குள் உள்ளங்கை அளவில் ஒரு படம் இருக்கும். முன்பக்கம் வண்ணப் பறவை; பின்பக்கம் விளம்பரமும் வரிசை எண்ணும். பன்னிரண்டு எண்களையும் சேர்த்துச் சிம்மக்கல்லில் இருந்த ஏஜெண்டிடம் காட்டினால் ஒரு பைனாகுலர் பரிசு. பொட்டலம் விரைவில் காலியாக வேண்டுமென்று நான் எல்லோரையும் இரண்டு வேளை விளக்கவைத்தேன். ஒரு நிறுவனத்தின் விற்பனை அப்பாவின் ஈறுகளைத் தேய்த்து வளர்ந்தது பற்றி எண்ணிப்பார்க்கும் வயது அன்று எனக்கு இல்லை.

ஏழாம் எண் மட்டும் வராமலே இருந்தது. அது வந்த நாளில் பொட்டலத்தைப் பிரித்தவர் எங்களோடு இருந்த அத்தை. அழகர் பெருமாளைத் தவிர வேறு எவரையும் பெரிதாகப் பொருட்படுத்தாதவர். படத்தைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பல்பொடிக்குள்ள கருடாழ்வாரு வந்திருக்காரு!”

“செம்பருந்துன்னு போட்டிருக்கு அத்தை.”

“அச்சடிச்சவனுக்கு என்னடா தெரியும்?”

அடுத்த நிமிடமே அது சந்தனம் குங்குமத்தோடு பூசை அலமாரியில் ஏறிவிட்டது. அன்றாடம் கற்பூரம் காட்டப்பட்டது. அத்தை அதன் முன் வெகுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் அதன் முதுகில் இருந்த எண்ணை நினைத்துப் பெருமூச்சு விடுவேன்.

பரிசுக்கான கெடு முடியும் நாள் வந்தது. நான் சோறு உண்ண மறுத்தேன். காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற உடன்பாட்டின்பேரில், அத்தை படத்தைத் துளசியோடு மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு என்னுடன் டவுன் பஸ் ஏறினார்.

ஏஜெண்டு படங்களைத் திருப்பித் தந்துவிடுவார்தாம். ஆனால், மறுபடி செல்லாதபடி ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை போடுவார் என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. மயிலின் வயிறு, மீன்கொத்தியின் கழுத்து, மைனாவின் கண் என்று அவருடைய கருவி போன போக்கில் கடித்துக்கொண்டே வந்தது. குங்குமத்தைக் கண்டதும் நின்றது.

“அக்கா, இதுல எப்படி ஓட்டை போட?”

“போட்டுருவியா நீ?”

“போடலேன்னா பைனாகுலர் தர முடியாதுக்கா. திருப்பி வச்சு, பின்னாடி விளம்பரத்துல போடட்டுமா?”

“முதுகுல குத்துனா நெஞ்சுல வராதா தம்பி?”

நான் அழத் தொடங்கினேன். அத்தை என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு சுண்டுவிரல் நகத்தால் ஒரு மூலையைத் தொட்டார்.

“இங்ஙன போடு. இறக்கை இதோட முடிஞ்சுருது. இது வெறும் மேகம்.”

ஏஜெண்டு செருப்பைக் கழற்றினார், கண்ணாடியை மாட்டினார், கன்னத்தில் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி, மேகத்தில் ஓட்டை போட்டார்.

திரும்பும் வழியில் வைகைக் கல்பாலத்தில் நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். எல்லாம் மங்கல். பக்கத்தில் அத்தை நெற்றிமேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

“அந்தா பாரு மருமகனே! வெள்ளைக் கழுத்து, செங்கல் நிறத்துல செட்டை. நம்ம படத்துல மாதிரியே இறக்கை நுனியில மட்டும் கறுப்பு!”

நான் பைனாகுலரின் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கோளாறு பைனாகுலரில்தான் இருக்கிறது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.