புத்தூர் மாடியில் பேசிய குரல்

புத்தூர்க் கடைத்தெருவில் நிற்கிறேன். ஆந்திரம் பிரிந்த பிறகு இங்கே எல்லையைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இந்த ஊரில் ஒரு சிறிய வானொலி நிலையம் இருந்ததாமே என்று விசாரிக்கிறேன். யாருக்கும் தெரியவில்லை. வளையல் கடைக்கார அம்மாள் மட்டும் எதிர்மாடியைக் காட்டுகிறார்.

"அங்கதான் எங்க நைனா மிஷின் வச்சிருந்தாரு. நான்தான் பேசுவேன். ஏரி ஒடைஞ்ச அன்னிக்கு, மேட்டுக்கு ஓடுங்கன்னு தமிழ்லயும் தெலுங்குலயும் கத்திக்கினே இருந்தேன். தண்ணி படியேறிச்சி. நைனா கூப்புட்டாரு, நான் எறங்கல."

சுற்று ஊர்களின் ஒலிபெருக்கிகளில் அந்தக் குரல் கேட்டிருக்கிறது. போர் வந்ததும் சர்க்கார் மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டதாம்.

வளையல் போட்டுக்கொண்டிருந்த பெண் சட்டென்று நிமிர்கிறாள்.

"அது நீயா அக்கா? அந்தக் கொரலக் கேட்டுத்தான் கொழந்தையத் தூக்கிக்கினு ஓடினேன்."

 கடைக்கார அம்மாள் அவள் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.