லயத்து ஆதாயம்

ராஜகுமாரி முதலீட்டு வங்கியில் வருடக்கணக்காக மாடாய் உழைத்தவள். வைஸ் பிரசிடென்ட் பதவிக்கான நேர்காணலில், தான் முன்னின்று முடித்த குன்னூர் தேயிலை எஸ்டேட் விற்பனையை விளக்கினாள்.

“அருமை! லீவுக்கு அங்கே போயிருக்கீங்களா?” என்று இயக்குநர் சிரித்தார்.

“நான் பொறந்ததே அந்த எஸ்டேட் தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துலதாங்க. அம்மா இன்னும் அங்கதான் கொழுந்து பறிக்கிறாங்க.”

சிரிப்பு நின்றது. மறுநாள் பதில் வந்தது. குடும்பத்துக்கு ஆதாயத் தொடர்புள்ள எஸ்டேட் என்பதை விற்பனையின்போது அவள் மறைத்துவிட்டாளாம், பதவி கிடையாதாம்.

காலமெல்லாம் கொழுந்து பறித்தும் அந்த லயத்தில் ஓர் ஓடுகூட அம்மாவுக்குச் சொந்தமில்லை. எஸ்டேட்டை விற்றபோது அம்மாவை யாரும், ராஜகுமாரி உட்பட, ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளின் பதவியைத் தட்டிப்பறிக்க மட்டும் வங்கியின் கணக்கில் அம்மாவுக்கு அங்கே ஆதாயம் முளைத்துவிட்டது.