பின்பக்கம் ஏறிய ஒரு குடம் தண்ணீர்

கடலூர் முதுநகரில் ஒரு ஃபைபர் போட்டு யார்டில் இருபத்தாறு வருஷம் மேஸ்திரியாக இருந்தேன். மோல்டில் கண்ணாடி இழை மேட்டு விரித்து, ரெசின் பசை அடித்து, எத்தனையோ போட்டுகளை ஆற்றில் இறக்கியிருக்கிறேன். வாங்க வருகிறவர்கள் நீளம் கேட்பார்கள், எஞ்சின் எத்தனை குதிரை என்று கேட்பார்கள். பின்பக்கம் எவ்வளவு உயரம் என்று கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு போட்டைப் பற்றிச் சொல்கிறேன். அது போதும்.

1. கேட்டது

சதுப்புக்காட்டை ஒட்டிய கிள்ளையிலிருந்து சேகர், வேலு என்று அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள்.

"உள்ள முழங்கால் தண்ணியிலயும் ஓடணும் மேஸ்திரி, முகத்துவாரம் தாண்டி வெளியவும் போவணும். ரெண்டு போட்டுக்கு நாங்க எங்க போறது?" என்றான் சேகர்.

நியாயமான பேச்சு. கடலோரத் தேவனாம்பட்டினத்துக்காரர்கள் வாங்கும் போட்டு அலையில் ஏறித் தாண்டும். சதுப்புக்காட்டுக் கால்வாயில் தரை தட்டும். கால்வாய்க்கு ஏற்ற தட்டைப் போட்டு அலையில் தாங்காது. இரண்டுக்கும் ஒன்றே வேண்டுமென்றால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதில்தான் இரண்டு பேர் உயிரும் இருக்கிறது.

முதலாளி அப்போதுதான் ஏதோ வெளிநாட்டு வீடியோ பார்த்து, 'பே போட்டு', அதாவது விரிகுடாப் போட்டு என்று புதிதாக மோல்டு செய்திருந்தார். அதில் வார்த்த முதல் போட்டையே இவர்களுக்குக் காட்டினார். அகலமான தளம், தாழ்ந்த பக்கங்கள், நின்று தூண்டில் வீச வசதி. அந்த ஊர் விரிகுடாவில் தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்தது போல் கிடக்குமோ என்னவோ, நம் முகத்துவாரம் அப்படிக் கிடக்காது.

"பின்பக்கம் அரையடி ஒசத்திடலாம் மொதலாளி. எஞ்சின் வேற வெயிட்டு ஜாஸ்தி."

"ஒசத்துனா ஷேப்பு கெட்டுடும்யா. கஸ்டமருக்குப் புடிச்சிருக்குது, ஒனக்கு என்னா வந்துது?"

பிடித்துத்தான் இருந்தது. வேலு அதைச் சுற்றிச் சுற்றி வந்தான், செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். நானும் அதற்குமேல் வாதாடவில்லை.

2. பூசை

எங்கள் யார்டில் முதலில் பூசை, பிறகுதான் ட்ரையல். பூசை போட்ட போட்டைப் பற்றி யாரும் குறை பேசக் கூடாது, அபசகுனம். அதாவது, குறை தெரிகிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் போட்டு விற்கிறவனாகத்தான் இருப்பான்.

எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, உப்பனாற்றில் இறக்கினோம். வலை இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, காலிப் போட்டு. வேலு ஓட்டினான். பறந்தது. திரும்பி வந்து கரையோரம் சட்டென்று வேகத்தைக் குறைத்தான். போட்டு கிளப்பிய அலையே பின்னால் துரத்தி வந்து, எஞ்சின் மாட்டியிருந்த பலகையைத் தாண்டி உள்ளே விழுந்தது. ஒரு குடம் தண்ணீர் இருக்கும்.

காலியாக ஓடும்போதே, அதுவும் ஆற்றிலேயே இவ்வளவு ஏறுகிறது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். முதலாளி முந்திக்கொண்டார்.

"பாத்தியா, கங்கம்மாவே உள்ள வந்துட்டா. நல்ல சகுனம்."

எல்லோரும் சிரித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எடுத்த வாயை மூடி நானும் போட்டுக்கொண்டேன். சகுனத்துக்காக அல்ல, வேலை போய்விடுமே என்ற பயம். அன்றைக்கு நான் என்னைப் பளாரென்று அறைந்துகொண்டிருக்க வேண்டும்.

3. முகத்துவாரம்

மூன்றாம் மாதம் இருவரும் மீனோடு திரும்பியிருக்கிறார்கள். உள்தண்ணீர் கடலுக்கு இழுக்கிற நேரம், அதற்கு எதிரே கிழக்குக் காற்று. இரண்டும் மோதினால் முகத்துவாரத்தில் அலை நெட்டுக்குத்தாக எழும். நுழைய வழி பார்க்க வேலு வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த அலை ஏறி உள்ளே விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பின்பக்கம் அமிழ்ந்து போட்டு கவிழ்ந்தது. சேகர் நீந்திக் கரையேறினான். வேலு வலையில் சிக்கிக்கொண்டான். மறுநாள்தான் உடல் கிடைத்தது.

விசாரிக்க வந்தவர்களிடம் முதலாளி, "ஓவர்லோடு சார், நாங்க என்னா பண்ண முடியும்?" என்றார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமென்று தலையாட்டினேன். அந்த மாதமே வேலையை விட்டேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒரு வருஷம் கழித்து, சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்கு பைக்கில் போனேன். மண்டப வாசலில் வாட்ச்மேன் சட்டையில் சேகர் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். கடலுக்குப் போவதில்லையாம். என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அன்னிக்குத் தண்ணி உள்ள வந்தப்ப நீங்க என்னாவோ சொல்ல வாயெடுத்தீங்க மேஸ்திரி. நான் பாத்தேன். என்னா சொல்ல வந்தீங்க?"

"இந்தப் போட்டு வெளிய போவ லாயக்கில்ல, பின்பக்கம் அரையடி ஒசத்தணும்னு சொல்ல வந்தேன்."

"அரையடி." கைவிரல்களை விரித்து அளந்து பார்த்தான். "நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு நானும் கேக்காம வுட்டுட்டேன். சரி, வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. பின்னால காரு வருது."

போட்டு வாங்கப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வலை, ஐஸ், ஆள் எல்லாவற்றின் எடையையும் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். ஓடும்போது பார்த்தால் போதாது, வேகத்தைக் குறைத்தும் பாருங்கள். குறைகளையெல்லாம் பேசித் தீர்த்த பிறகு கற்பூரம் ஏற்றுங்கள். மேஸ்திரி வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டால், அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். சேகர் ஒரு வருஷம் கழித்துத்தான் கேட்டான்.