பேசாத படமும் தறிக் குடோனும்

மினியாபொலிஸுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு காலை நேரம், பஸ் ஸ்டாப்பில் வழுக்கி விழுந்தேன். விழுந்த விதம் அருமையானது. இரண்டு கால்களும் ஒன்றாக மேலே போயின. டிபன் டப்பா திறந்துகொண்டது. பனிமேல் கொட்டிய தயிர்சாதம் எங்கே கொட்டியது என்றே தெரியவில்லை. அதற்குள் மூன்று பேர் ஓடி வந்து, ஒரே குரலில் “ஆர் யூ ஓகே?” என்றார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பின் நிழல்கூட இல்லை. எட்ட நின்றிருந்த ஓர் அம்மாள் “ஐ ஆம் ஸாரி” என்றார். நீங்கள் என்னைத் தள்ளவில்லையே, நானாகத்தானே விழுந்தேன் என்று அக்கறையாக எடுத்துச் சொன்னேன். அவர் இன்னும் கலவரமாகி, தலையில் அடிபட்டதா என்று கேட்டார். எங்கள் ஊர் கருமத்தம்பட்டி பஸ் ஸ்டாண்டில் இப்படி விழுந்திருந்தால் டீக்கடை மொத்தமும் முதலில் சிரித்திருக்கும். தூக்கிவிடுகிறவரும் சிரித்துக்கொண்டேதான் தூக்கியிருப்பார். அடுத்த ஒரு வாரம் எதிரில் வருகிறவரெல்லாம் “பாத்துப் போ கண்ணு” என்று கிண்டல் செய்திருப்பார்கள். அன்று ஆபீஸில், இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது குழம்பிப்போகாமல் கம்ப்யூட்டர்களைத் தயார் செய்யும் என் வேலையில் மனம் செல்லவில்லை. நன்றாக விழுந்தும் யாரும் சிரிக்காததில் ஒரு ஏமாற்றம். இதை அப்பாவிடம் சொன்னால் சிரிப்பாரே என்று தோன்றியது. சொல்லத்தான் வழியில்லை.

அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக் குடோன். எட்டு விசைத்தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் குடோனில் யாரும் கத்துவதில்லை. இரண்டு விரலைக் கத்தரிபோல் அசைத்தால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் தறியை நிறுத்து. புருவத்தை உயர்த்தினால் என்ன விஷயம். முதலாளியைப் பற்றிய புறணிகூடக் கண்ணிலும் உதட்டிலுமே முடிந்துவிடும். முதலாளி தறி ஓட்டிப் பழகிய எங்கள் அப்பாதான் என்பதால் அவருக்கும் அது புரிந்துவிடும். சிரிப்பும் அப்படித்தான். கேட்காத சிரிப்புக்கு எதற்குச் சத்தம்? வாய் திறந்திருக்கும், தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் நிற்கும். ஓசை மட்டும் வராது. அங்கே வளர்ந்த நானும் அப்படித்தான் சிரிக்கிறேன்.

டிவியும் விசிஆரும் வாங்கினோம். கரண்ட் இருந்தால் தறி ஓடும். தறி ஓடினால் டிவி கேட்காது. கரண்ட் போனால் தறி நிற்கும், டிவியும் நின்றுவிடும். ஆக, எங்கள் வீட்டில் யாரும் எந்த வசனத்தையும் முழுதாகக் கேட்டதில்லை. அப்பா கொஞ்ச நேரம் பார்ப்பார். “என்ன சொன்னான்?” என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா காதில் விழுந்த பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும். அப்பா எழுந்து குடோனுக்குப் போய்விடுவார்.

நான் பீளமேட்டில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது, காலேஜ் பக்கத்து கேசட் கடையில் ஒரு பழைய கேசட் கண்ணில் பட்டது. அட்டையில் ஏணியிலிருந்து விழும் ஒரு தொப்பிக்காரன். ஊமைப்படக் காலத்துச் சின்னச் சின்ன சிரிப்புப் படங்களின் தொகுப்பு. கடை பாய், “அதுல ஒருத்தனும் பேச மாட்டானுங்க தம்பி, எடுத்துட்டுப் போனவங்க சண்டைக்கு வாராங்க. நீங்களே வெச்சுக்கங்க” என்று கொடுத்துவிட்டார். அன்று சாயந்தரமே போட்டேன். ஒல்லியான ஒருவன் தோளில் ஏணியோடு திரும்புகிறான். ஏணியின் வால் தொப்பைக்காரன் ஒருவனைச் சாய்க்கிறது. என்ன சத்தம் என்று ஒல்லி மறுபடி திரும்புகிறான். எழுந்த தொப்பை மறுபடி சாய்கிறது. சுவருக்கு அப்பால் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா இரண்டு முழங்கால்களிலும் கையை ஊன்றி டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது! ஏணி திரும்புவதற்குள் சிரித்துவிடுகிறார். யாரிடமும் எதையும் கேட்காமல் அவர் பார்த்து முடித்த முதல் படம் அது.

முடிந்ததும் என் முகத்துக்கு நேரே வந்து கேட்டார். “இவியெல்லாம் தறி ஓட்டுனவியளா கண்ணு?”

இல்லீங்கப்பா, அந்தக் காலத்தில் படத்தில் சத்தத்தைப் பிடிக்கத் தெரியாது என்று கையும் வாயுமாக விளக்கினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “சத்தமில்லாத எடத்துல எவனாச்சும் இத்தன கையக் காட்டிப் பேசுவானா? பக்கத்துல மிஷினு ஓடிருக்கும். உனக்குத் தெரியாது போ.”

அதற்குப் பிறகு அந்த ஒல்லியும் தொப்பையும் எங்கள் வீட்டில் தறிக்காரர்கள்தான். மற்றவர்களுக்கு அந்தப் படங்களில் பிடிப்பது என்ன என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: விழுந்தவன் எழுவான், தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொள்வான், வந்த வேலையைப் பார்க்கப் போவான். நலம் விசாரிக்க நேரமே இல்லாத உலகம். எங்கள் குடோனும் அப்படித்தான்.

இங்கே வந்த பிறகு ஞாயிறுதோறும் போன் செய்தேன். முதல் மாதங்களில் அப்பா வாங்கி, “நல்லாருக்கறயா கண்ணு, செரி, அம்மாகிட்டக் குடுக்கறேன்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கொடுத்துவிடுவார். நான் பதில் சொல்வதற்குள் ரிசீவர் கைமாறிவிடும். பிறகு அதுவும் நின்றுவிட்டது. போன் மணியடித்து அம்மா எழுந்தால் அப்பா குடோனுக்குள் போய்விடுகிறாராம். கேக்காத காதை வெச்சுக்கிட்டு அவனை எதுக்குக் கத்த வெக்கோணும் என்றாராம். எத்தனையோ ஆயிரம் மைலை நான் கடந்து வந்துவிட்டேன். அவர் காதுக்கும் ரிசீவருக்கும் நடுவே இருக்கும் அந்த ஓரங்குலத்தைக் கடக்கத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாப்பில் விழுந்த அதே வாரம், நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஊமைப்படங்கள் காட்டுகிறார்கள் என்று நோட்டீஸ் பார்த்து ஓடினேன். ஒரு பெரியவர் பியானோ வாசிக்க, திரையில் யாரோ ஒருவன் மாவு மூட்டையோடு படியில் உருண்டான். நான் தெருவில் விழுந்தபோது பதறிய அதே ஊர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆக, இவர்களுக்கும் சிரிக்கத் தெரியும். விழுந்தவன் செத்து அறுபது வருஷமாவது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் சிரித்தேன், எங்கள் குடோன் சிரிப்பு. பக்கத்து இருக்கைப் பெண்மணி மெல்ல என் கையில் ஒரு டிஷ்யூவைத் திணித்து, எல்லாம் சரியாகிவிடும் என்று கிசுகிசுத்தார். நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். சிரிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இடது பக்கம் திரும்பி அப்பாவைப் பார்க்கும் பழக்கத்தில் அதற்குள் திரும்பியிருந்தேன். அங்கே காலி இருக்கையில் யாரோ கழற்றிப் போட்ட கோட்டு மட்டும் கிடந்தது. டிஷ்யூவை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த இடத்தில்தான் யோசனை வந்தது. கேட்க முடியாதவருக்கு எதற்குக் குரலை அனுப்ப வேண்டும்?

ஆபீஸ் நண்பன் டேவிடம் வீடியோ கேமரா இருந்தது. சனிக்கிழமை அவனை வரவழைத்தேன். கேமராவுக்கு முன்னால் நின்று என் வீட்டை, அடுப்பை, ஜன்னலை, ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போடுவதைக் கையாலும் புருவத்தாலும் காட்டினேன். மைக் நன்றாக வேலை செய்கிறது, அப்பாவிடம் ஏதாவது பேசு என்று டேவ் சொல்லிக்கொண்டே இருந்தான். வேண்டாம் என்றால் அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்பாவுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று முடிவு கட்டி மிக மென்மையாக நடந்துகொண்டான். வெளியே போய் பஸ் ஸ்டாப்பில் விழுந்ததை நடித்துக் காட்டினேன். வேண்டுமென்றே விழுவது எத்தனை கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. உடம்பு முன்கூட்டியே கையை ஊன்றிவிடுகிறது. போதும் என்று திரும்பி நடந்தபோது நிஜமாகவே வழுக்கியது. டேவ் “ஆர் யூ ஓகே?” என்று கேமராவோடு ஓடி வந்தான். அவன் கால் என் காலில் தட்டி, அவனும் விழுந்தான். பனிமேல் கிடந்த கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அதில் பதிந்தது நான்கு ஷூக்கள் மட்டும். ஒவ்வொரு ஜோடியும் எழப் பார்த்து மற்ற ஜோடியைச் சாய்த்துக்கொண்டிருந்தது.

இந்த ஊர் கேசட்டின் பதிவு முறை வேறு, நம்மூர் விசிஆரில் ஓடாது. மாற்றிக் கொடுக்கும் கடை ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பிவைத்தேன். பிறகு வந்த ஞாயிறுகளில் அம்மாவிடம் கேட்கக்கூடப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிறு போனை அப்பாவே எடுத்தார். “ஏங்கண்ணு, அந்த வெள்ளக்காரப் பையன் உழுந்தானே, அடி கிடி பட்டுருச்சா?”

என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இல்லீங்கப்பா, நல்லாருக்கான் என்றேன். அது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் ரிசீவர் கைமாறவில்லை. மறுமுனையில் பேச்சு இல்லை, மூச்சுதான் விட்டு விட்டு வந்தது. பின்னால், சுவருக்கு அப்பால், எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. தூரத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: “போனைப் புடிச்சுக்கிட்டுத் தன்னால சிரிச்சுக்கிட்டு நிக்கறாரு பாரு.”

நானும் ஜன்னலோரம் நின்று அதே மாதிரி சிரித்தேன். ரிசீவரை அழுத்திய காதில் தறி ஓடியது. மற்றக் காதுப் பக்கம் பனி விழுந்துகொண்டிருந்தது, ஓசையில்லாமல். கீழே பஸ் ஸ்டாப்பில் யாரோ ஒருவர் அடிமேல் அடி வைத்து, விழாமல், கவனமாகப் போய்க்கொண்டிருந்தார்.