சாகாவரத்தின் முதல் சாவு

அந்தக் கோட்டைச் சண்டையில் காவல் படையினர் ஒருவர் விடாமல் மாண்டுபோனார்கள் என்று கோட்டை வாசலில் மாட்டியிருக்கும் பலகை சொல்கிறது. பள்ளிப் புத்தகமும் அதையேதான் சொல்கிறது. ஆனால் ஊர்க்காரர்கள் கவசம் மாட்டிக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே சண்டையை நடித்துக் காட்டும்போது மட்டும், காவல் படையில் ஒருவர் சாகாமல் நின்றுகொண்டிருப்பார். பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்ப்பவர். சண்டைக் குழுவில் அவருக்கு ‘சாகாவரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

வாள்களெல்லாம் கூர் மழுக்கியவை. அடி பட்டதா இல்லையா என்று பட்டவர்தான் சொல்ல வேண்டும். பட்டது என்று தோன்றினால் கௌரவமாக விழுந்து செத்துப்போக வேண்டும். இப்படி மனச்சாட்சியை நம்பி ஒரு விளையாட்டை அமைத்த புண்ணியவான்களுக்கு நம்முடைய மெக்கானிக்கைத் தெரிந்திருக்கவில்லை. தோளில் அடித்தால், கவசத்தில்தான் பட்டது என்பார். கவசம் இல்லாத இடத்தில் அடித்தால், உரசிக்கொண்டு போனது என்பார். நேராக நெஞ்சில் குத்தினால், குத்தியவரை ஏற இறங்கப் பார்த்து, குத்தில் பலமில்லை என்பார். மைக் பிடித்து வர்ணனை செய்யும் குழுச் செயலாளர், தொழிலில் மருந்துக்கடைக்காரர், ‘இறுதி வீரனும் மண்ணில் சாய்ந்தான்’ என்ற வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பார். இறுதி வீரன் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். ஒருமுறை முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கல்யாணத்துக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போய், வயிறாரச் சாப்பிட்டு, கை கழுவும்போதுதான் இடம் மாறிவிட்ட விஷயம் தெரிந்தது. தப்பு கல்யாண வீட்டார் மேல்தான் என்று வழியெல்லாம் சாதித்துக்கொண்டு வந்தார். அவர் மனைவி அன்றோடு விவாதம் செய்வதை நிறுத்திவிட்டார். ஒரு ‘ம்’ போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

வேலையில் மட்டும் மனிதர் வேறு ஆள். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறினால் முதல் காரியமாக அங்கிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடுவார். அதை அமுக்கினால் லிஃப்ட் அசையாது. கூட வேலை செய்பவர்கள் யார் அமுக்கினாலும் ஏன் என்று கேட்க மாட்டார். மேலே ஓடும் கம்பிவடத்தில் கையை வைத்தாலே, எவ்வளவு இழுவையில் நிற்கிறது, எப்போது வம்பு செய்யும் என்று சொல்லிவிடுவார். அந்த இருட்டுக் குழியில் இருந்த புத்தி கோட்டை மைதானத்துக்கு வந்ததும் எங்கே போனது என்பது யாருக்கும் புரியாத விஷயம்.

ஒரு வருடம் எதிர்ப்படைக்குப் பொறுமை போய்விட்டது. வெட்டிச் சாகாதவரைக் கட்டிப்பிடித்துத் தள்ளியாவது சாகடிப்போம் என்று தபால்காரரும் இன்னும் இரண்டு பேரும் பாய்ந்தார்கள். கட்டிப்பிடித்துச் சண்டை போட யாரும் கற்றிருக்கவில்லை. நாலு பேரும் இரும்போடு இரும்பாக உருண்டதில் சாகாவரம் மேலே, தபால்காரர் அடியில். தபால்காரரின் காறை எலும்பு விரிசல் விட்டது. பாவம், பை தூக்க முடியாமல் பல வாரம் தபால் நிலையத்துக்குள் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். சாகாவரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார், பழம் வாங்கிக் கொடுத்தார், ‘நீங்க விழுந்த விதம் சரியில்ல’ என்று சொல்லிவிட்டு வந்தார்.

இன்னொரு எலும்பு போனால் மைதானம் கிடையாது என்று கோட்டை நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. சண்டை வேகத்தில் யாராவது மறுபடியும் பாய்வார்கள், அதைத் தடுக்க முடியாது, முறையாகக் கற்றுக்கொண்டு செய்வதுதான் வழி என்று குழு முடிவு செய்தது. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த, ஒரு காலத்தில் ஜூடோ ஆடிய டீச்சரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் இந்த மாவீரர்களைப் பார்த்ததும் முதலில் விழக் கற்றுக்கொடுத்தார். வாரக்கணக்கில் விழுவதைத் தவிர வேறு எதுவும் இல்லை. பள்ளிக்கூட மெத்தைமேல் முதலில் வெறும் சட்டையோடு, பிறகு பஞ்சு வைத்துத் தைத்த அங்கியோடு, அதற்கும் பிறகுதான் கவசத்தோடு. எதிர்ப்படையிலிருந்த பேக்கரிக்காரர் நன்றாக விழுந்தார். சாகாவரத்துக்கு விழுவது என்பதே கொள்கை விரோதம். அவர் உட்காருவதைப் போல மெதுவாக இறங்கினார்.

டீச்சரின் விதிகள் எளிமையானவை. கழுத்தைத் தொடக் கூடாது, விரலை முறுக்கக் கூடாது, தலைக்கவசத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. வாளைக் கீழே போட்ட பிறகுதான் பிடி. பயிற்சி முடித்தவர்கள் மட்டும் கையில் மஞ்சள் துணி கட்டிக்கொள்ள வேண்டும். அது இல்லாதவரை யாரும் பிடிக்கக் கூடாது. ஜூடோவில் தோற்பவர் எதிராளியின் உடம்பில் தட்டிக் காட்டுவார். இங்கே இவ்வளவு பஞ்சுக்கும் இரும்புக்கும் மேல் தட்டினால் யாருக்கு உறைக்கப் போகிறது? அதனால் ‘போதும்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிடித்தவர் சொன்னாலும் பிடிபட்டவர் சொன்னாலும் சரி. சொல் காதில் விழுந்ததும் இருவரும் அப்படியே நின்று, மெதுவாகத் தளர்த்த வேண்டும். பிடியைச் சட்டென்று உதறினால், கவசம் போட்டவர் மடங்கிய கைமேலேயே விழுந்து தோளைக் கழற்றிக்கொள்வார்.

இதில் மருந்துக்கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு விதியைச் சேர்த்தார். ‘போதும்’ என்று சொன்னவர் செத்தவர். இல்லாவிட்டால் சாகாவரத்தைச் சாகடிக்க இவ்வளவு செலவு செய்து என்ன பிரயோஜனம் என்று கேட்டார். டீச்சருக்கு அது பிடிக்கவே இல்லை.

“ரோஷக்காரங்க வாயத் திறக்க மாட்டாங்க சார். எலும்புதான் சத்தம் போடும்.”

ஆனால் ஓட்டெடுப்பில் விதி ஜெயித்தது. எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே வீரர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். சாகாவரத்தின் ஒரே மகளைக் கட்டியவர், கண்ணாடிக் கடையில் வேலை. ஆளுயரக் கண்ணாடியை ஒற்றைத் தோளில் சாய்த்து மாடிப்படி ஏறுகிறவர், வாயைத் திறந்து ஒருவரிடமும் மாட்டேன் என்று சொன்னதில்லை. மாமனார் கூப்பிட்டார், வந்துவிட்டார். எதிர்ப்படையில் ஆள் குறைவு என்றார்கள், அங்கே போய் நின்றார். எதையும் சீக்கிரம் கற்றுக்கொண்டார். மற்றவர்கள் பிடிக்கும்போது வலி வருவதற்கு முன்பே ‘போதும்’ என்று சொன்னார். டீச்சருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மாமனார் பிடித்தபோதுதான் வினை. கையை முதுகுக்குப் பின்னால் மடக்கியபோது மாப்பிள்ளையின் முகம் வெளிறியது. வாயிலிருந்து வந்த சொல் ‘பரவாயில்ல மாமா’. டீச்சர் ஓடிவந்து விலக்கினார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு மாப்பிள்ளை நெளிந்தார். மாமாவிடம் போய்ப் போதும் என்று எப்படிச் சொல்வது, அவர் வலிக்கச் செய்துவிட்டார் என்று குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடாதா என்றார். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். மைதானத்துக்குள் ‘பரவாயில்லை’ என்ற சொல்லுக்குத் தடை போட்டார். மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பிடிக்கவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

விஷயம் மகள் காதுக்குப் போனது. அவளுக்கு அப்பாவின் பிடிவாதம் அப்படியே வந்திருந்தது, கூடவே நேராகப் பேசுகிற தைரியமும் இருந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பா வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னாள்.

“அவரு மரியாதைக்காக வாய மூடிக்கிட்டு இருப்பாரு. நீங்க ஜெயிக்கிறதுக்காகப் பிடிச்சுக்கிட்டே இருப்பீங்க. அவரு தோளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்க சாப்பாட்டுக்கு என்னப்பா பண்றது? அப்புறம் நான் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். பேத்தியையும் நீங்க பாக்க முடியாது.”

சாகாவரம் துணைக்கு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் இந்த முறை ‘ம்’ கூடப் போடவில்லை. அன்றிலிருந்து அவருக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. வெளியே காட்டிக்கொள்ளாமல் கவசத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

சண்டை நாள் வந்தது. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நல்ல கூட்டம். மகளும் குழந்தையோடு முன்வரிசையில் நின்றாள். தபால்காரர் இனிமேல் அடிபடுவதாக இல்லை என்று முடிவெடுத்து, வெள்ளைக் கோல் பிடித்த நடுவராகிவிட்டிருந்தார். காவல் படை வரலாற்றுக்குக் கட்டுப்பட்டு ஒழுங்காக மாண்டது. கடைசியில் வழக்கம்போல ஒருவர் மட்டும் நின்றார். அவரை வீழ்த்துவதற்கென்றே ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேக்கரிக்காரர் வாளைப் போட்டுவிட்டுக் கம்பீரமாக வந்தார். பிடித்தார், பிடிபட்டார், உடனே ‘போதும்’ என்று பாட்டுப் பாடுவதைப் போலச் சொல்லிவிட்டு நிழல் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரர் அதற்குள் இறுதி வீரனை மைக்கில் சாகடித்துவிட்டார். கூட்டம் சிரித்தது. டீச்சர் மைதானத்தின் மறுகோடியில், வெயிலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்ட ஒருவருக்குக் கவசத்தின் வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தார். எதிர்ப்படையில் மஞ்சள் துணியோடு மிச்சமிருந்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான். போங்க போங்க என்று மருந்துக்கடைக்காரர் மைக்கை மூடிக்கொண்டு கையை ஆட்டினார். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர் வாளைக் கீழே போட்டுவிட்டு நடந்தார்.

சாகாவரம் நினைத்திருந்தால் அப்போதே விழுந்திருக்கலாம். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. மாப்பிள்ளை தோளில் கை வைத்ததும், தலை யோசிப்பதற்குள் கை வேலையைச் செய்துவிட்டது. மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் மடக்கியாயிற்று. மாப்பிள்ளை முழங்காலில் சரிந்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. சாகாவரம் விதிப்படி அசையாமல் நின்று, அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார்.

சொல் வரவில்லை. புல்லில் மாப்பிள்ளையின் முழங்கால் வழுக்கிக்கொண்டிருந்தது. சாகாவரம் கையை ஏற்றாமலே, மாப்பிள்ளையின் பாரம் இறங்க இறங்கத் தோள் முறுக்கேறியது. தபால்காரர் சாகாவரத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றதால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சாகாவரம் குனிந்து தலைக்கவசத்தை மாப்பிள்ளையின் தலைக்கவசத்தோடு ஒட்டி வைத்தார். உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

“பரவாயில்ல மாமா.”

இரும்புக் கையுறை வழியாகவும் சாகாவரத்தின் கைக்கு அந்தத் தோளின் நிலை தெரிந்தது. எவ்வளவு இழுவையில் நிற்கிறது, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று வாழ்நாளெல்லாம் கம்பிவடத்தைத் தொட்டுப் பார்த்த கை அது. உதறினால் மாப்பிள்ளை தோள்மேலேயே விழுவார். பிடித்துக்கொண்டிருந்தாலும் தோள் போய்விடும். இந்தப் பையன் மரியாதைக்காகக் கை கழன்றாலும் வாயைத் திறக்க மாட்டான். மைதானம் முழுக்கச் செத்துப் படுத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் கட்டிக் காத்த சாகாவரம் இது. தோற்றேன் என்பது பெண்டாட்டியிடம் சொல்லாத வார்த்தை, மகளிடமும் சொல்லாத வார்த்தை. லிஃப்ட் கூரைமேல் நின்றிருந்தால் இந்நேரம் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருப்பேனே என்று நினைத்தார்.

“போதும்.”

சொன்னது தபால்காரர் காதில் விழுந்தது, மனத்தில்தான் ஏறவில்லை. யார் சொன்னது என்று கேட்டார்.

“நான்தான்யா சொன்னேன். போதும். வந்து பிடிங்க, மெதுவா எறக்கணும்.”

இருவருமாகத் தாங்கி, மடங்கிய கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து மாப்பிள்ளையை உட்கார வைத்தார்கள். டீச்சர் மூச்சிரைக்க ஓடிவந்து தோளைத் தொட்டுப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், சுற்றச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. தப்பித்தீர்கள் என்று இருவரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, மருந்துக்கடைக்காரரைத் தேடிக்கொண்டு போனார். சொன்னவர் செத்தவர் என்ற விதியின் ஆயுள் அந்த வருடத்தோடு முடிந்தது.

சாகாவரம் மட்டும் நடு மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார். அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இதுவரை வந்து பழக்கமில்லாத கட்டம். கயிற்றுக்கு அந்தப்பக்கமிருந்து மகள்தான் சொன்னாள்.

“அப்பா, செத்துட்டீங்க. படுங்க.”

படுத்தார், வழக்கம்போல உட்காருவதைப் போல மெதுவாக. கையை எங்கே வைப்பது என்று தடுமாறியபோது, பக்கத்தில் அனுபவசாலியாகச் செத்துக் கிடந்த பேக்கரிக்காரர், கையைப் பரப்பிப் போடுங்க அண்ணே, மூச்சு வயித்துல தெரியக் கூடாது என்று முணுமுணுத்தார். மைக்கில் இறுதி வீரனும் மண்ணில் சாய்ந்தான். வரலாறு ஒருவழியாகப் பலகையில் எழுதியிருந்தபடியே முடிந்தது. கைதட்டல் ஓயவே இல்லை.

சண்டை முடிந்ததற்கு அடையாளமாகக் கொம்பு ஊதுவதற்குள் மகள் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டாள். புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக அப்பா பக்கத்தில் வந்து குந்தி, அவர் தாடைக்கடியில் வாரை அவிழ்த்தாள்.

“சாயங்காலம் பாப்பாவக் கூட்டிட்டு வீட்டுக்கு வரேன்ப்பா.”

கொம்பு ஊதும்வரை செத்தவர்கள் பேசக் கூடாது என்று விதி இருந்தது, அவரும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதிக்கு அடங்கிக் கிடந்தார். கொம்பு ஊதியது. எல்லோரும் புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். அவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். கடைசியில் மாப்பிள்ளை வந்து, மடங்கித் தப்பிய அதே கையைக் கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. முழங்கால் பிடித்துக்கொண்டது என்று சாகாவரம் காரணம் சொன்னார்.